சுருக்குப் பைக்குக் கூலி

வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். செருப்பைக் கழற்றும் முன்பே, அவள் "வாடி தமயந்தி" என்று வாயைத் திறக்கும் முன்பே கவரை நீட்டி, பிலோ, இது உன் கூலி, பிடி என்று சொல்லிவிட வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் முடியாது. உட்கார்ந்தால் மின்விசிறியை என் பக்கம் திருப்புவாள், சொம்பில் தண்ணீர் கொண்டு வருவாள், என் மகளுக்குக் கால் வீங்குகிறதா, ராத்திரி புரண்டு படுக்க முடிகிறதா என்று கேட்பாள், நான் சொல்வேன், அவள் சிரிப்பாள், அந்தச் சிரிப்புக்கு நடுவில் கைப்பையைத் திறந்து பணத்தை எடுப்பது என்னால் ஆகாத காரியம். முப்பது வருஷமாக ஆகாத காரியம். அதனால் வாசல்தான். ஆனால் கூலி என்று சொல்வதா? அன்பளிப்பு என்று சொல்லலாம். சீ, அன்பளிப்பு என்று நீட்டினால் அவள் கைகூப்பி வேண்டாம் என்பாள், கதை முடிந்தது. செலவுக்கு வைத்துக்கொள் என்று சொல்லலாம். அது வீட்டு வேலைக்காரம்மாவுக்குத் தீபாவளிக்கு முந்தின நாள் சொல்கிற வார்த்தை. கடன் என்று சொன்னால் அவள் எனக்குக் கடன் கொடுக்கவே இல்லையே. கூலிதான். வேலை செய்தாள், கூலி. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறியதிலிருந்து கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், யாரோ பிடுங்கப்போகிற மாதிரி. நடத்துநர் கேட்காமலே சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார், பெண்களுக்குக் கட்டணமில்லை. பின்சீட்டில் ஒரு குரல், "எல்லாம் ஓசி டிக்கெட்டு, உக்கார இடமில்ல" என்றது. திரும்பிப் பார்த்து ஒன்று கேட்கலாம் என்று வந்தது. ஓசியில் ஓடுகிற வண்டி எங்கேயாவது இருக்கிறதா ஐயா? டீசலுக்கு யாரோ கொடுக்கிறார்கள், ஓட்டுநருக்கு யாரோ சம்பளம் கொடுக்கிறார்கள், கொடுக்கிற ஆள் இந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கவில்லை, அவ்வளவுதானே. பிலோவின் அறுபது பைக்கும் யாரோ கொடுத்திருக்கிறார்கள். யார்? பிலோவே கொடுத்தாள். அவளுடைய கண்ணையும் விரலையும் ஜூன் மாதத்தையும் கொடுத்தாள்.

சும்மா என்று நான் சொன்னது நினைவுக்கு வருகிறபோதெல்லாம் காதுமடல் சுடுகிறது, இப்போதும் சுடுகிறது, ஜன்னல் வழியாக வருகிற வெயிலால் இல்லை. வைதேகியின் வளைகாப்பு அன்று மண்டபத்தில் பெண்கள் எல்லாரும் கிளம்புகிற நேரம், தட்டில் அடுக்கி வைத்த சுருக்குப் பைகளை நானே நின்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக்கொண்டிருந்தேன். மயில் கழுத்து நிற நூலில் குரோஷா ஊசியால் பின்னியது, மேலே அன்னாசிப்பழ டிசைன், வாயை இழுத்துச் சுருக்க ஒரு கயிறு, கயிற்று முனையில் இரண்டு குட்டி மணி, உள்ளே அரை டஜன் கண்ணாடி வளையலும் ஒரு குங்குமச் சிமிழும். வாங்கியவர்கள் வளையலைப் பார்க்கவே இல்லை, பையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். என் சம்பந்தியம்மா, வைதேகியின் மாமியார், அதைக் காதருகில் ஆட்டி மணியைக் கேட்டுவிட்டு, "எந்தக் கடையில சொன்னீங்க, ரொம்ப ஆகியிருக்குமே" என்றார். நான் என்ன சொன்னேன்? "அதெல்லாம் இல்லீங்க, என் ஃப்ரெண்டு ஒருத்தி சும்மா போட்டுக் குடுத்தா" என்றேன். சும்மா. எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்! எனக்குச் சும்மா செய்து கொடுக்க ஆள் இருக்கிறது பாருங்கள் என்கிற பெருமை. நாலு அடி தள்ளி பிலோ நின்றுகொண்டிருந்தாள், யாருடைய குழந்தைக்கோ பாயசம் ஊட்டிக்கொண்டு. கேட்டிருப்பாளா? கேட்டிருக்க மாட்டாள், மேளம் அடித்துக்கொண்டிருந்தது. மேளம் அப்போது நின்றுவிட்டதோ? சம்பந்தியம்மா உடனே, "அப்ப குழந்தை பொறந்து பேர் வைக்கிறப்ப எங்க பக்கத்துக்கும் ஒரு நூறு போட்டுத் தரச் சொல்லுங்களேன், சும்மாதானே போடறாங்க" என்றார். நூறு! நான் "சொல்றேங்க" என்றேன். மகளைக் கொடுத்த இடம், வேறு என்ன சொல்வது, என்று அன்று ராத்திரி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்குப் பத்து விதமாகத் தெரிகிறது.

அந்த அளவோடு போயிருந்தால் மறந்திருப்பேன், அதுதான் அசிங்கம். நூறு பையை அவளிடம் கேட்டும் இருப்பேன். போன செவ்வாய்க்கிழமை எங்கள் பாலிடெக்னிக் அலுவலகத்தில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே ஆரோக்கியசெல்வி சொன்னாள். எனக்கு எதிர் மேஜை, பொன்மலைப்பட்டியிலிருந்து வருகிறவள். "பசங்க யூனிஃபார்முக்குக் கடைசி நேரத்துல அலைஞ்சு செத்தேன் மேடம். வருஷா வருஷம் எங்க தெரு டெய்லரம்மாகிட்டத்தான் கொடுப்போம், அந்தத் தெருவே அவங்ககிட்டத்தான். இந்த வருஷம் அவங்க ஒரு துணிகூட வாங்கல. ஏதோ ஃப்ரெண்டு வீட்டு வேலையாம்." எந்த டெய்லரம்மா என்று கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன். "பிலோமினாம்மா" என்றாள். "சீசன்ல இதைப் போய் விடுவாங்களா? யாரு மேடம் அப்படிப்பட்ட ஃப்ரெண்டு?" நான் புளிசாதத்தை மென்றுகொண்டிருந்தேன். விழுங்க வரவில்லை. நான்தான் அந்த ஃப்ரெண்டு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தண்ணீர் குடித்தேன். பள்ளிக்கூடம் திறக்கிற அந்த இரண்டு வாரம்தான் பிலோவுக்கு வருஷத்தில் கை நிறையக் காசு பார்க்கிற காலம். மற்ற மாதமெல்லாம் பாவாடைக்கு ஓரம் அடிப்பதும் ஜாக்கெட்டுக்குத் தையல் பிரிப்பதும்தான். அந்த இரண்டு வாரத்தைத்தான் தூக்கி எனக்குக் கொடுத்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லாமல். நூலுக்கு மட்டும் கொடு என்று இரண்டாயிரம் வாங்கிக்கொண்டாள். நூல் கொண்டுபோய்க் கொடுத்த அன்று நான் அவள் எதிரில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு பை முடிந்தது, என் கண்ணெதிரில் முடிந்தது. ஒன்றுக்கு இரண்டு மணி, அறுபதுக்கு நூற்றிருபது மணி, நாளைக்கு எட்டு மணி வேலை என்று வைத்தால் பதினைந்து நாள். இந்தக் கணக்குப் போட எனக்குக் கால்குலேட்டர்கூட வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கே, அவள் எதிரில் உட்கார்ந்திருந்தபோதே போட்டிருக்கலாம். போடவில்லை, ஏனென்றால் போட வேண்டாம் என்று எனக்குள் யாரோ நினைத்தார்கள். யாரோ என்ன, நான்தான்.

காந்தி மார்க்கெட்டில் பஸ் நிற்கிறது. வெங்காய மூட்டை வாசனை. இங்கேதான், அந்தச் சந்துக்குள் இருக்கிற பெயிண்ட் கடையில்தான் என் வீட்டுக்காரர் கோதண்டம் இந்நேரம் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு நிற்பார். காலையில் ஒன்பதாயிரத்தைக் கவரில் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தபோது பார்த்துவிட்டார். "அவங்க கேட்டாங்களா?" "கேக்கல." "கேக்காதவங்களுக்கு எதுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கற? காசைக் காட்டினா மனசு விட்டுப் போயிரும் தமயந்தி. ஒரு நல்ல பட்டுச் சேலையா எடுத்துக் கொடு, மரியாதையா இருக்கும்." "சேலையை வச்சு அவ வாடகை கட்டுவாளா?" "ஃப்ரெண்டுக்குள்ள இதெல்லாம் பேசக்கூடாதும்மா." ஃப்ரெண்டுக்குள் பேசக்கூடாது! மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் பூவைக் கட்டின பையன்கள் மூன்று மணி நேரம் வேலை பார்த்துவிட்டுப் பதினெட்டாயிரம் வாங்கிக்கொண்டு போனார்கள், அதே பூவை ராத்திரியே அவிழ்த்து அடுத்த மண்டபத்துக்குக் கொண்டும் போனார்கள். போட்டோக்காரர், சமையல்காரர், மேளக்காரர், எல்லாரும் சொன்ன விலை. ஒருத்தரிடமும் இவர் மனசு விட்டுப் போகும் என்று பயப்படவில்லை. அவர்களெல்லாம் யாரோ. யாரோவுக்கு முழு விலை, நமக்கு வேண்டியவளுக்கு ஒன்றுமில்லை, இது என்ன கணக்கு? வேண்டியவள் என்றால் அவளுக்குப் பசிக்காதா? நான் இதையெல்லாம் அவரிடம் சொன்னேனா, இல்லை இப்போதுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேனா? பாதி சொன்னேன். மீதிக்கு அவர் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். என் சம்பளம், என் பணம், நான் கொடுக்கிறேன் என்று மட்டும் முதுகைப் பார்த்துச் சொன்னேன். அதைச் சொன்னபோது பயமாக இருந்தது, அப்புறம் நன்றாக இருந்தது.

பாலக்கரை வருகிறது. இடதுபுறம், இப்போது செல்போன் கடையாகிவிட்ட அந்தக் கட்டடத்தின் மாடியில்தான் நாங்கள் இரண்டு பேரும் பத்தொன்பது வயதில் வேலை பார்த்தோம். செயற்கை வைரக்கல் பட்டறை. சுற்றுகிற சக்கரத்தில் கல்லை வைத்துப் பட்டை தீட்ட வேண்டும், கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. பக்கத்துப் பக்கத்துச் சக்கரம் எங்களுடையது. சனிக்கிழமை கூலி போடும்போது முதலாளி உடைசல் என்று சொல்லி ஆளுக்கு ஒரு தொகை பிடிப்பார். எல்லாரும் வாங்கிக்கொண்டு படி இறங்குவோம். பிலோ ஒரு சனிக்கிழமை இறங்கவில்லை. உடைந்த கல்லையெல்லாம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். "இதுல நான் உடைச்சது எது, கீறலோடவே வந்தது எது, நீங்களே பிரிச்சுக் காட்டுங்க. நான் உடைச்சதுக்கு மட்டும் பிடிங்க." நான் கதவோரம் நின்றேன். அடுத்த வாரத்திலிருந்து உடைசல் பிடிப்பது பாதியானது, எனக்கும் சேர்த்து. அவள் கேட்டாள், எனக்கும் கிடைத்தது. அப்படிக் கேட்கத் தெரிந்தவள் என்னிடம் மட்டும் ஏன் கேட்பதில்லை? வைதேகி பிறந்தபோது தொட்டில் துணி, தொப்பி, காலுறை எல்லாம் போட்டாள், சரி, அது குழந்தைக்கு அவள் ஆசையாகப் போட்டது, அதற்குக் கணக்குப் பேசினால் நான் மனுஷி இல்லை. ஆனால் எங்கள் பாலிடெக்னிக் முதல்வர் புது வீடு கட்டியபோது நான் கொண்டுபோய்க் கொடுத்த மேஜை விரிப்பு? "எனக்காக ஒண்ணு போடேன் பிலோ" என்று கேட்டு வாங்கியது. முதல்வரின் மனைவி அதை இன்றைக்கும் என் பரிசு என்று சொல்கிறார். என் பரிசு! அதில் நான் செய்த வேலை அதை அவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதுதான். இன்னும் ஒன்று இருக்கிறது. அதை நினைக்காமல் இருக்கத்தான் இத்தனை நேரம் மற்றதையெல்லாம் நினைத்தேன். அவள் மாதா கோயில் திருவிழாவில் ஒரு வருஷம் கடை போட்டாள். ஒரே ஒரு பெரிய விரிப்பு, நானூறு ரூபாய் என்று சீட்டு எழுதிக் குத்தி வைத்திருந்தாள். ஒரு அம்மா நூற்றைம்பதுக்குக் கேட்டாள். பிலோ பேசாமல் இருந்தாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, ஆமாம் நான்தான், "குடுத்துடு பிலோ, சும்மா கிடக்கிறதுக்கு வந்த வரைக்கும் லாபம்" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. மடித்து, செய்தித்தாளில் சுற்றி, நூற்றைம்பதுக்குக் கொடுத்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் கடை போடவே இல்லை. அந்த வருஷத்தோடு அவள் தன் கைவேலைக்கு விலை சொல்வதை நிறுத்திவிட்டாள் என்றால் அதை நிறுத்தியது யார்?

பொன்மலைப்பட்டி. இறங்குகிறேன். கால் மரத்திருக்கிறது. வெயில் தலையில் இறங்குகிறது, புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொள்கிறேன். திரும்பிப் போய்விடலாம். எதிர்ப்பக்கம் சத்திரம் போகிற பஸ் நிற்கிறது, ஏறி உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது, கோதண்டம் நான் சொன்னேனே என்று சொல்வார், ஒரு சேலை எடுத்துக் கொடுத்துவிடலாம், பிலோ அதைப் பெட்டியில் வைப்பாள், கிறிஸ்துமஸுக்குக் கட்டுவாள், முப்பது வருஷம் அப்படியே இருக்கும். அப்படியே என்றால் எப்படியே? அவள் கொடுப்பதும் நான் வாங்குவதும். பயம் என்னவென்றால், இந்தக் கவரை நீட்டிய பிறகு அவள் என்னை மற்ற வாடிக்கைக்காரிகளைப் போலப் பார்த்துவிட்டால்? "சரிங்கம்மா, வேற ஏதாவது இருக்கா" என்று கேட்டுவிட்டால்? எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? வைதேகி குழந்தையோடு அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். பிலோவும் போய்விட்டால் நான் யாரிடம் பேசுவது? போகட்டும். இல்லை, போக வேண்டாம். ஆனால் ஒருத்தி விலை கேட்காமல் இருந்தால்தான் நிற்கும் என்றால் அந்த நட்பு நட்பா, இல்லை அவள் கட்டுகிற வட்டியா? போகட்டும் என்று நான் நடக்கிறேன். தெரு முனையில் தண்ணீர்க் குடம் வைத்திருக்கிறவர்களைத் தாண்டி, ஆரோக்கியசெல்வி வீடு எது என்று தெரியாது, எதுவாக இருந்தாலும் அவள் பார்த்தால் பார்க்கட்டும், நான்தான் அந்த ஃப்ரெண்டு. வாசலிலேயே. செருப்பைக் கழற்றும் முன்பே.

வாசலில் வேறு ஒரு ஜோடிச் செருப்பு கிடக்கிறது. உள்ளே ஒரு பெண் பாவாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். "எவ்வளவுக்கா?" "நாப்பது." அவள் நாற்பதைக் கொடுத்துவிட்டு என்னைத் தாண்டிப் படி இறங்கிப் போகிறாள். அவ்வளவுதான், எவ்வளவு சுலபம், ஒரு கேள்வி, ஒரு பதில். "வாடி, என்ன இந்த வேகாத வெயில்ல? வைதேகிக்கு ஒண்ணுமில்லையே?" என்று பிலோ தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்கிறாள். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதில் நூல் சுற்றியிருக்கிறது, கீழே விழாமலிருக்க. நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். எப்போது கழற்றினேன்? மின்விசிறி என் பக்கம் திரும்பிவிட்டது. சொம்பை எடுக்கப் போகிறாள். போனால் போச்சு. நான் கைப்பையைத் திறந்து கவரை எடுத்து மிஷின் பலகையின் மேல், ஊசிக்குப் பக்கத்தில் வைக்கிறேன். கை வியர்வையில் கவர் நனைந்திருக்கிறது.

"என்னடி இது?"

"உன் கூலி. அறுபது பைக்கு."

அவள் கவரைத் தொடவில்லை. சொம்பைக் கீழே வைக்கிறாள். "எடு அதை."

"எடுக்க மாட்டேன்."

"தமயந்தி, எடுன்னு சொல்றேன். வைதேகி என் கையில வளர்ந்த புள்ள. அவ வளைகாப்புக்கு நான் போட்டதுக்குக் கூலி கொண்டுவந்திருக்கியா? நீ என்னை என்னன்னு நினைச்ச?"

"வைதேகிக்கு நீ தொட்டில் துணி போட்ட, தொப்பி போட்ட. அதுக்கு நான் காசு கொண்டுவரல, என்னைக்கும் கொண்டுவர மாட்டேன். இது அறுபது பேருக்கு. அந்த அறுபது பேர்ல உனக்கு எத்தனை பேரைத் தெரியும்? என் வீட்டு விசேஷத்துல என் கௌரவத்துக்கு நான் கொடுத்த பை. அதுக்கு நீ ஏன் உன் சீசனை விட்ட?"

"யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. யூனிஃபார்ம் ஒண்ணுகூட வாங்கலையாமே."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள். துடைக்க ஒன்றுமில்லை, கண்ணாடி சுத்தமாகத்தான் இருக்கிறது. "ஒரு வருஷம் வாங்கலேன்னா குடி முழுகிடுமா? கூலி குடுக்க வந்துட்டா கூலி. நான் என்ன உன் வீட்டுக்கு ஆளா?" என்கிறாள். எனக்கு இப்போது பயமில்லை, இது எப்படி என்று தெரியவில்லை, உள்ளே சூடாக ஏதோ ஏறுகிறது. "கூலின்னா கேவலமாடி? சக்கரத்து முன்னாடி உக்காந்து நாம ரெண்டு பேரும் கூலி வாங்கித்தானே சாப்பிட்டோம்? அன்னைக்கு அந்தாளு முன்னாடி போய் நின்னியே, அது எதுக்கு நின்ன? கூலிக்குத்தானே? ஊரான்கிட்ட கேக்கத் தெரியுது, என்கிட்ட கேக்கத் தெரியலையா? இல்ல, இவகிட்ட கேட்டா குடுக்க மாட்டான்னு நினைச்சியா?" கடைசிக் கேள்வியை நான் கேட்க நினைக்கவில்லை. அது தானாக வந்தது. வந்த பிறகுதான் அதற்கு எனக்குப் பதில் தெரியும் என்பது தெரிந்தது. தெருவில் ஒரு ஆட்டோ போகிறது. நான் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் வைத்துக்கொண்டால் அழுகிவிடும். "என் சம்பந்தியம்மாகிட்ட நீ சும்மா போட்டுக் கொடுத்தேன்னு சொன்னேன். அவங்க நூறு கேக்கறாங்க. சும்மா."

"நூறா?"

"நூறு."

பிலோ சிரிக்கிறாள். நான் பயந்த சிரிப்பு இல்லை, நடுவில் நின்று பேச முடியாத சிரிப்பும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து, வாய்விட்டு, கண்ணில் நீர் வருகிற மாதிரி சிரிக்கிறாள். "நூறு! ஏண்டி, நான் என்ன மனுஷியா மிஷினா?" சிரிப்பு மெல்ல நிற்கிறது. நின்ற பிறகு அவள் முகம் வேறாக இருக்கிறது. எனக்கு அந்த முகம் தெரியும், உள்ளங்கையில் கல்லை வைத்துக்கொண்டு நின்ற முகம். கண்ணாடியை மாட்டிக்கொள்கிறாள்.

"எவ்வளவு வச்சிருக்க அதுல?"

"ஒன்பதாயிரம்."

"அது எப்படி வந்துது?"

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. கணக்கைக் கேட்கிறாள், வாங்கிக்கொள்ளப் போகிறாள். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறேன். ஒரு பைக்கு இரண்டு மணி, மொத்தம் பதினைந்து நாள், நாளைக்கு அறுநூறு.

"அறுநூறு யாரோட கூலி?"

"போன மாசம் எங்க பாத்ரூம் இடிச்சுக் கட்டினோம்ல, அப்ப சித்தாளுக்கு அறுநூறு குடுத்தோம். அதான், குறையக்கூடாதுன்னு..." பாதியில் நின்றுவிடுகிறேன். பிலோ தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பொறுமையாக.

"கொத்தனாருக்கு?"

"ஆயிரம்."

"ஆக, நான் சித்தாளு."

மின்விசிறி சுற்றுகிறது. கவரின் ஓரம் பறந்து பறந்து படிகிறது. "மண்ணு சுமக்கறவங்களை நான் குறைச்சுச் சொல்லல. அவங்க கூலியையும் ஏத்தணும்னுதான் நான் சொல்லுவேன். ஆனா முப்பத்திரண்டு வருஷமா இந்த ஊசியைப் பிடிக்கறேன் தமயந்தி. அன்னாசி டிசைனைப் புத்தகம் பாக்காம போடறவ இந்தப் பொன்மலையில இன்னொருத்தியைக் காட்டு. ஒண்ணு நான் சும்மா குடுப்பேன், அது என் இஷ்டம். இல்லேன்னா என் கூலியை நான் கேப்பேன். நடுவுல நீயா ஒரு கூலியைப் போட்டு, கவர்ல ஒட்டி, என் மிஷின்ல கொண்டாந்து வைக்காத. பட்டறைக்காரன் அதைத்தான் செஞ்சான்."

பஸ்ஸில் வரும்போதெல்லாம் என்ன பெரிய மனுஷியாக வந்தேன்! மனசு விட்டுப் போகும் என்ற கோதண்டத்தை மனசுக்குள் கிழித்துக்கொண்டு, நான் நியாயம் செய்யப்போகிறேன் என்று வந்தேன். நியாயத்துக்கு விலையும் நானே போட்டேன், எனக்குக் கட்டுப்படியாகிற விலை. "பதினஞ்சு நாளைக்குப் பதினஞ்சாயிரம்" என்கிறாள் பிலோ. "பைக்கு இருநூத்தம்பது. நூல் தனி, அது நீ குடுத்துட்ட. உங்க சம்பந்தியம்மாவுக்கும் அதே விலைதான், நூறு வேணும்னா மூணு மாசம் முன்னாடி சொல்லணும், பாதிப் பணம் முன்பணம். ஜூன்ல எடுக்க மாட்டேன்." இருநூற்றைம்பதா, ஒரு சுருக்குப் பைக்கா, கொஞ்சம் பார்த்துச் சொல்லு பிலோ. வாய் வரைக்கும் வந்துவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, உதடு பிரிந்து, கொ என்ற எழுத்து தயாராக இருந்தது. திருவிழாக் கடையில் நூற்றைம்பதுக்குக் கேட்ட அம்மாவை இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன், அவள் இங்கேயே, என் பல்லுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள். விழுங்கினேன். இந்த முறை விழுங்க முடிந்தது. பிலோ என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் விழுங்கியதையும் பார்த்திருப்பாள், பார்க்கட்டும்.

"தரேன்" என்கிறேன்.

"எப்ப?"

"இப்ப. என்கிட்ட இருக்கிறது இவ்வளவுதான், மீதியை வரவழைக்கறேன்."

அவள் கவரைப் பிரிக்கிறாள். எனக்கு எதிரிலேயே, எச்சில் தொட்டு, ஒவ்வொரு தாளாக எண்ணுகிறாள். முப்பது வருஷத்தில் அவள் என் பணத்தை எண்ணுவதை இன்றுதான் பார்க்கிறேன். அவசரப்படவில்லை, கூச்சப்படவில்லை. நானும் வேறு பக்கம் பார்க்கவில்லை. எண்ணி முடித்துத் தலையை அசைத்துவிட்டு, மிஷின் இழுப்பறையில் வைத்துப் பூட்டுகிறாள். நான் போனை எடுத்து கோதண்டத்தைக் கூப்பிடுகிறேன். கடைச் சத்தம். யாரோ வெள்ளைச் சுண்ணாம்பு விலை கேட்கிறார்கள்.

"என்ன, வாங்கிக்கலையா? நான்தான் சொன்னேனே, வாங்க மாட்டாங்கன்னு."

"வாங்கிக்கிட்டா. பத்தலை. ஆறாயிரம் போன்ல அனுப்புங்க, சம்பளம் வந்ததும் தரேன்."

"ஆறாயிரமா? மேல ஆறாயிரமா? யாரு சொன்ன விலை அது?"

பிலோ கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு அவர் குரல் கேட்கிறது.

"செஞ்சவ சொன்ன விலை" என்கிறேன்.

சுண்ணாம்பு கேட்டவர் இரண்டாம் முறை கேட்கிறார். அப்புறம் கோதண்டம் மூச்சு விடுவது கேட்கிறது. "சரி. அவங்க நம்பரைச் சொல்லு." நான் போனை பிலோ பக்கம் நீட்டுகிறேன். அவள் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்தி, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறாள்.